பங்கருக்கு வைத்த கதவு

எங்கள் முகாமுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது என்றால் எனக்குத் தலைகால் புரியாது. அவர்கள் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி வைப்பதற்குள் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. தீவில் மறுபடி சண்டை மூண்டு, மறுபடி படகுகள் வரத் தொடங்கியிருந்தன. நானும் எட்டு வயதில் அப்படி ஒரு படகில் வந்தவன்தான். ஓசூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஓரமாக, பத்துக்குப் பத்து வீட்டில் பதினாறு வருடம் வளர்ந்தவன். அகதியாக இருப்பது எப்படி என்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்த வயதில் மனுஷனுக்குத் தெரியாதது எதுவும் இருப்பதில்லை.

அம்மாவுக்கு என் இந்தச் சேவை பிடிக்காது. “அதுகள் முதல்ல ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும். பிறகு நீ உன்ர பிரசங்கத்தைத் துவங்கு” என்பார். நான் கேட்டால்தானே.

அந்தக் கார்த்திகையில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. திருகோணமலைப் பக்கத்து வயல்காரர் ஒருவர், அவர் மனைவி, ஏழும் நாலும் வயதான இரண்டு பெண் குழந்தைகள். மண்டபம் முகாமில் பதிவு முடித்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, காலையில் ஓசூர்க் குளிரில் பல் கிட்டித்துப்போய் நின்றார்கள். அந்த அண்ணை அதிகம் பேசாதவர். சொன்னதை அப்படியே செய்கிறவர். அக்கா வேறு ரகம். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டார். இப்படிக் கவனமாகக் கேட்கிற ஆள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

முதலில் அட்டை. குடும்ப அட்டையின் ஒரிஜினலைக் கண்டபடி வெளியே எடுக்கக் கூடாது. மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அரிசித் தகரத்துக்குள்ளும், ஒன்றை டிரங்குப் பெட்டியிலும், ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் வைக்க வேண்டும். தீப்பிடித்தாலும் மழை பெய்து கூரை ஒழுகினாலும் மூன்றில் ஒன்று பிழைக்கும். அடுத்தது செக்கிங். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆர்.ஐ. வருவார். வருவாய் ஆய்வாளர் என்று முழுசாகச் சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் தலையை எண்ணிப் பதிவேட்டில் டிக் அடிப்பார். காய்ச்சல் என்றால் போர்வையோடு நிற்கலாம். ஆனால் நிற்க வேண்டும். டிக் விழாவிட்டால் பெயர் கேள்விக்குறி ஆகிவிடும்.

பிறகு ஜூஜுவாடி. “அக்கா, ஜூஜுவாடி வரைக்கும்தான் எங்கட பக்கம். அதைத் தாண்டினா கர்நாடகா. அனுமதிக் கடிதம் இல்லாம நாங்கள் தாண்டக் கூடாது. பஸ்ஸுக்கு எல்லை தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். நீங்கள்தான் இறங்கோணும்.” அக்கா ஒரு விரலை மடக்கினார். கடையில் ‘கதைக்கிறது’ என்றால் முழிப்பார்கள், ‘பேசறது’ என்று சொல்லுங்கள். ‘ஓம்’ என்பதற்குப் பதில் ‘ஆமா’. கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தால் பயப்பட வேண்டாம், அவர் வீட்டிலும் அப்படித்தான். இங்கே ராகி என்பது நம்முடைய குரக்கன். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க டி.சி. இல்லை என்று அழ வேண்டாம், டீச்சரிடம் நான் வந்து பேசுகிறேன். அண்ணைக்கு வேலை வேண்டும் என்றால் பெயிண்ட் அடிக்கலாம். நானும் பெயிண்டர்தான். சாரத்தின் மேல் நிற்கிறவனிடம் யாரும் அட்டை கேட்பதில்லை.

“கக்கூசு எங்க தம்பி?” என்றார் அக்கா.

இந்தக் கேள்வியை மட்டும் நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். கழிப்பறை கேட்டு மனு கொடுத்திருந்தோம். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே அது பரிசீலனையில் இருந்தது. அதுவரை வீடுகளுக்குப் பின்னால் உள்ள முள்ளுக்காடுதான். பெண்கள் விடிவதற்கு முன்பு கூட்டமாகப் போய்விட்டு வருவார்கள். இதை நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அக்கா விரலை மடக்கவில்லை.

கடைசியாக என் மாஸ்டர் பாடம். புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. பக்கத்தில் கல் குவாரி இருக்கிறது. மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு அங்கே வெடி வைப்பார்கள். ‘டம்’ என்று கேட்டதும் புதுக் குடும்பம் மொத்தமும் தரையில் குப்புற விழுந்துவிடும். போன மாதம் வந்த ஒருவர் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே விழுந்து, சாம்பார் முகத்தோடு எழுந்தார். “ஒரு மணிச் சத்தம் கல் குவாரி. விழத் தேவையில்லை. அந்தச் சத்தத்தை வச்சு நாங்கள் மணி பார்க்கிறனாங்கள்” என்றேன். அன்றைக்கே ஒரு மணிக்கு வெடித்தது. நாலு பேரும் நடுங்கினார்கள், ஆனால் விழவில்லை. நான் வெற்றியோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மேஸ்திரி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாகலூர்க்காரர், பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர், நான் தொழில் கற்றது அவரிடம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு மூன்று நாள் வேலை. அங்கேயே தங்கி அடித்து முடித்துவிட்டு, நாலாவது நாள் செக்கிங் என்பதால் காலை பஸ்ஸில் திரும்பினேன். ஒன்பது மணிக்கு முகாமுக்குள் நுழைந்தால் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஊரே கூடியிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பங்கர் இருந்தது. குண்டு விழும்போது ஊரில் பதுங்குவோமே, அந்தக் குழி.

சும்மா குழி என்று சொல்லிவிட முடியாது. ஆள் உயரத்துக்கு இறங்கி, ‘ட’ எழுத்து மாதிரி ஒரு பக்கம் வளைந்து, இறங்குவதற்கு நாலு படி வெட்டி, சுற்றிலும் அரிசிச் சாக்கில் மண் நிரப்பி இரண்டு அடுக்கு அடுக்கிய, இலக்கண சுத்தமான பங்கர். அண்ணை கடப்பாரையோடு ஓரமாக நின்றிருந்தார். எங்கள் ஆட்கள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூட்டை இன்னும் ஒரு அடுக்கு வேண்டும் என்றார் ஒருவர். மேலே பனங்குற்றி போட வேண்டும், இந்த ஊரில் பனை இல்லாதது பெரிய குறை என்றார் இன்னொருவர். அம்மா குனிந்து உள்ளே பார்த்து, “நல்ல வெட்டு. அந்தக் காலத்தில உன்ர அப்பா வெட்டினது இதில அரைவாசி கூட இல்லை” என்றார். கடப்பாரையைக் கொடுத்ததே அம்மாதான் என்று பிறகு தெரிந்தது.

“என்னண்ணை இது?” என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா சொன்னார்: “தம்பி, நீங்கள் போன அண்டைக்கு விடியக் காலமை வெடிச் சத்தம். ஒண்டு ரெண்டு இல்லை, தொடர்ந்து. அடுத்த நாளும் கேட்டது. நீங்கள் தானே சொன்னனீங்கள், ஒரு மணிச் சத்தம்தான் கல் குவாரி எண்டு. இது அஞ்சரை மணி. அப்ப இது குவாரி இல்லை. பிள்ளையளை வச்சுக்கொண்டு சும்மா இருக்கலாமோ?”

கணக்கு சரிதான். என் பாடத்தை வரிக்கு வரி பின்பற்றித்தான் இந்தக் குழி வெட்டப்பட்டிருந்தது.

அது யானை வெடி. ராகி முற்றுகிற காலத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி ஏரிப் பக்கம் வரும். வனத்துறை ஆட்களும் விவசாயிகளும் விடிகாலையில் பட்டாசு கொளுத்தித் திருப்பி விரட்டுவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். பதினாறு வருடத்தில் அந்தச் சத்தம் என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அதனால் அதைப் பாடத்தில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. முகாமில் மற்றவர்கள் ஏன் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீதான் எல்லாம் சொல்லிக் குடுப்பியே எண்டு பேசாம இருந்தனாங்கள்” என்றார் அம்மா.

அதற்குள் எனக்கு வேறு பயம் பிடித்துவிட்டது. மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு ஆர்.ஐ. வருவார். முகாமில் அனுமதி இல்லாமல் ஒரு ஓலைத் தடுப்பு கட்டினாலே கேள்வி கேட்பார்கள். தீவிலிருந்து வந்து பத்து நாள் ஆன ஒரு ஆண், படி வைத்து, மூட்டை அடுக்கி, இவ்வளவு கச்சிதமாக பங்கர் வெட்டியிருக்கிறார் என்றால் எங்கே கற்றாய், யாருக்காக வெட்டினாய் என்று விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போன சிலர் திரும்பி வர மாதங்கள் ஆகியிருக்கின்றன. அக்காவும் இரண்டு குழந்தைகளும் தனியாக நிற்பார்கள். என் அரைகுறைப் பாடத்தால் வந்த வினை.

மூட வேண்டும் என்று மண்வெட்டியைப் பிடுங்கினேன். பத்துப் பேர் சேர்ந்து மூட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினோம். மூன்றாவது மூட்டையை அவிழ்க்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஆர்.ஐ. முன்கூட்டியே வந்துவிட்டார்.

எல்லாரும் அவரவர் வாசலுக்கு ஓடினார்கள். ஆர்.ஐ. வரிசையாக எண்ணிக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தார். கால் எடுத்து வைக்கும்போதே மண் குவியல் கண்ணில் பட்டுவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். குழியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், அண்ணையின் மண் ஒட்டிய கையைப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

அண்ணை வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. “கக்கூஸ் சார்.”

“கக்கூஸா?”

“ஆமா சார். பொம்பளைங்க ரொம்ப கஷ்டப்படறாங்க. வெடியக்காலைல யானை வேற வருது. மனு குடுத்து ரொம்ப நாளாச்சு. அதான் நாங்களே ஒண்ணு கட்டிக்கலாம்னு.”

ஆர்.ஐ. குனிந்து எட்டிப் பார்த்தார். “கக்கூஸுக்கு எதுக்குய்யா படிக்கட்டு?”

“உள்ள எறங்கி உறை வைக்கணுமில்ல சார்.”

“ஏன் வளைஞ்சு போவுது?”

“பாறை சார். நேரா போனா பாறை தட்டுது.”

“மூட்டை?”

“மழை வந்தா மண்ணு உள்ள சரியாம இருக்க சார்.”

பெயிண்டர் என்பதால் பூசி மெழுகுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் இவ்வளவு பெரிய விரிசலை நான் அதுவரை பூசியதில்லை. ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு குழந்தைகளையும் பார்த்தார்.

“சரி. அடுத்த செக்கிங் பதினஞ்சு நாள்ல. அன்னிக்கி வந்து பார்ப்பேன். கக்கூஸ் இருந்தா கக்கூஸ்னு எழுதுவேன். குழி இருந்தா குழின்னு எழுதுவேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத” என்றார். நாலு டிக் அடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் முகாமில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாங்கள் எல்லாருமே ஊர் முழுக்கக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள். பெயிண்டர்கள், கொத்தனார்கள், சென்ட்ரிங் அடிக்கிறவர்கள். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வரிசையாக டாய்லெட் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கென்று ஒன்று கட்டும்போது மட்டும் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். கக்கூஸ் பேசின் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று அரை நாள் சண்டை. நான் மேஸ்திரியிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஒரு பழைய சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“யானை வெடிக்குப் பயந்து பங்கர் தோண்டிட்டீங்களா? எங்க பாட்டன் காலத்துலருந்து வெடிக்குதேடா. ஒருத்தரும் எங்களுக்கு இந்த ஐடியா குடுக்கல” என்றார். சிரித்து முடித்துவிட்டு, சைட்டில் மிஞ்சிக் கிடந்த நாலு சிமெண்ட் உறையும், மூலை உடைந்த ஒரு பேசினும், இரண்டு மூட்டை சிமெண்டும் வண்டியில் ஏற்றி விட்டார். செங்கல் ஒரு இடிபாட்டிலிருந்து வந்தது. பங்கரின் வளைந்த பக்கத்தை மூடினோம். நீளமான பக்கத்தில் உறை இறங்கியது. எட்டாவது நாள் மேலே மூடி போடத் தயாராகிவிட்டோம்.

அப்போதுதான் அக்கா வந்து குழிக்குக் குறுக்கே நின்றார்.

“மூட வேண்டாம்” என்றார்.

எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தோம். நான் ஆர்.ஐ. சொன்னதை நினைவுபடுத்தினேன். யானை என்று பத்தாவது தடவையாக விளக்கினேன்.

“யானை எண்டு நீங்கள் சொல்லுறீங்கள் தம்பி. அங்கயும் ஒவ்வொரு தரமும் ஆரோ ஒராள், அது ஒண்டுமில்லை, தூரத்தில எண்டு சொன்னவைதான். இதையும் மூடினா, இனிச் சத்தம் கேட்டா பிள்ளையளை நான் எங்க கொண்டுபோறது?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு இவர்களைக் காப்பாற்றினால் இவரே குறுக்கே நிற்கிறாரே என்று இரண்டு வார்த்தை கத்தினேன். அக்கா அசையவில்லை. அண்ணை தரையைப் பார்த்தபடி நின்றார். கத்தி முடித்த பிறகுதான் பதில் என்னிடம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அம்மாதான், “வாயால சொன்னா நம்புவினமோ? கொண்டுபோய்க் காட்டு” என்றார்.

மறுநாள் விடிகிற நேரம். முகாமின் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு இரும்பு ஏணி உண்டு. அதில் நான், அண்ணை, அக்கா, இரண்டு குழந்தைகள் எல்லாரும் ஏறி மேலே உட்கார்ந்தோம். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பனி இறங்கி ஏரியே தெரியவில்லை. முதல் வெடி வெடித்தது. அக்கா இரண்டு குழந்தைகளையும் இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார். அண்ணை ஏணியைப் பார்த்தார். இறங்கி ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“அங்க பாருங்கோ அக்கா. ராகிக் காட்டுக்கு அந்தப் பக்கம்” என்றேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாமல் வந்தன. ஒவ்வொரு வெடிக்கும் யானைகள் காதை விரித்து ஒரு ஓட்டம் ஓடி, உடனே நின்று ஒரு வாய் ராகியைப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டு, அடுத்த வெடிக்கு மறுபடி ஓடின. பின்னாலேயே தலையில் துண்டு கட்டிய ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார்கள். யானை எந்த மொழிக்கும் மசியவில்லை. கடைசியாக ஒரு குட்டி, தன் காலிலேயே தடுக்கி உட்கார்ந்து, எழுந்து, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வழி தவறி ஆட்களின் பக்கமே ஓடியது. விரட்ட வந்தவர்கள் இப்போது பின்னால் திரும்பி ஓடினார்கள்.

சின்னக் குழந்தை கைதட்டிச் சிரித்தது. பெரியது சிரித்தது. அண்ணை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், தொட்டியே குலுங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வெடி இன்னும் வெடித்தது. யாரும் குனியவில்லை.

கடைசி யானை மரங்களுக்குள் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம். அதுகளும் சாப்பாட்டுக்குத்தானே வந்ததுகள்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மூடுங்கோ தம்பி” என்றார்.

எனக்கு அந்தத் தொட்டியின் மேலேயே ஆட வேண்டும் போல இருந்தது.

மூடி போட்டோம், சுவர் எழுப்பினோம், தகரக் கூரை வேய்ந்தோம். பெயிண்ட் என் இலாகா. ஒவ்வொரு கம்பெனியிலும் மிஞ்சிய டப்பாக்களைக் கொண்டுவந்தேன். மிஷினுக்கு அடிக்கிற பச்சை ஒரு சுவருக்கு, தரைக்கு அடிக்கிற சிவப்பு இன்னொரு சுவருக்கு, ஆபத்தான இடங்களுக்கு அடிக்கிற மஞ்சளும் கறுப்பும் முன்பக்கத்துக்குச் சாய்ந்த பட்டையாக. நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கூட வேகத்தைக் குறைப்பார். கதவுதான் கடைசிப் பிரச்சினை. முகாமில் கதவு என்றால் ஒரு தகரத்தைக் கம்பியால் நிலையில் கட்டித் தொங்கவிடுவது. பதிமூன்றாவது நாள் மேஸ்திரி ஒரு நிஜக் கதவைக் கொண்டுவந்தார். ஒரு கம்பெனி அலுவலகத்தை இடித்துப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டதாம். தேக்கு நிறம், பித்தளைப் பிடி, உள்பக்கம் விரல் தடிமன் தாழ்ப்பாள். நெற்றியில் ஆங்கிலத்தில் ஜெனரல் மேனேஜர் என்று பெயர்ப்பலகை.

பலகையைக் கழற்ற வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தோம். முகாமில் அதற்கு முன்னும் பின்னும் எந்த விஷயத்திலும் அப்படி ஒருமனது வந்ததில்லை. அன்றிலிருந்து யாரும் கக்கூசுக்குப் போகவில்லை. ஜி.எம்.மைப் பார்க்கத்தான் போனார்கள்.

பதினைந்தாவது நாள் காலை ஜீப் வந்தது. நான் குளித்து, கம்பெனி டூர் கூட்டிப்போகிற சூப்பர்வைசர் மாதிரி இன் பண்ணிய சட்டையோடு தயாராக நின்றேன். ஆர்.ஐ. வரிசையாக டிக் அடித்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தார். வாசலில் அண்ணையும் இரண்டு குழந்தைகளும் நின்றார்கள். அக்காவைக் காணவில்லை.

“நாலு பேருல்ல? அந்தம்மா எங்க?”

அண்ணை முழித்தார். நான் நாலு பக்கமும் பார்த்தேன். செக்கிங் அன்றைக்கு ஆள் வாசலில் நிற்க வேண்டும் என்பது என் இரண்டாவது பாடம். பெரிய குழந்தை வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டியது.

எல்லாருமாகப் பின்பக்கம் போனோம். ஜெனரல் மேனேஜர் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் ஏழெட்டுப் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள். அம்மா முதல் ஆளாக நின்றார். அக்கா உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது என்றார்கள். ஆர்.ஐ. மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் படித்தார், மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். பிறகு பதிவேட்டைத் திறந்து, அக்காவின் பெயரை உரக்கப் படித்தார்.

“ஓம். இஞ்ச இருக்கிறன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆர்.ஐ. கதவைப் பார்த்தபடியே டிக் அடித்தார். கீழே ஒரு வரி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கழிப்பறை ஒன்று, உபயோகத்தில் உள்ளது என்று எழுதியிருந்தார். போகும்போது என் தோளருகே நின்று, “அடுத்த வாட்டி பாறை தட்டுச்சுன்னா, தோண்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அண்ணை அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு குழந்தைகளும் அவர் மேல் ஏறிக்கொண்டன.

நான் சந்தோஷம் தாங்காமல் கதவைத் தட்டினேன். “அக்கா, முடிஞ்சுது. எழுதிப்போட்டார். வெளிய வாங்கோ.” கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அக்கா வெளியே வந்தார். கையில் வாளி இருந்தது, அதில் தண்ணீர் கொண்டுபோனபடி அப்படியே நிரம்பியிருந்தது.

“இவ்வளவு நேரம் என்னக்கா செய்தனீங்கள்? பயத்தில எனக்கு உயிர் போட்டுது” என்று எரிந்து விழுந்தேன்.

“ஒண்டும் செய்யேல்லை தம்பி. சும்மா இருந்தனான்” என்றார். வாளியைக் கீழே வைத்தார். “வீட்டை விட்டு வெளிக்கிடேக்க கதவைப் பூட்டினனான், வெளியால. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில இருந்தம், கோயில்ல இருந்தம், காட்டில இருந்தம், கடற்கரையில இருந்தம். உள்ளுக்க நிண்டு ஒரு கதவைப் பூட்டினது இண்டைக்குத்தான். திறக்க மனம் வரேல்லை.”

அதற்குள் அம்மா என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். வரிசையில் இருந்தவர்கள் மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அம்மா வெளியே வர வெகுநேரம் ஆனது.